இரண்டு முழக் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு

சித்திரை சீசன் முடிந்து நுவரெலியாவில் கூட்டம் கலைந்ததும் என் வீட்டு வாசலில் யாராவது ஒருவர் வந்து நிற்பார். பிள்ளை கிரகரி வாவிக் கரையில் போனி சவாரி போயிருக்கும். அன்றிலிருந்து வீட்டில் குதிரை, குதிரை என்று ஒரே பாட்டு. என்னிடம் மினியேச்சர் என்கிற குட்டைக் குதிரை ஒன்று இருப்பதை யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். கடைசியாக வந்தவர் எங்கள் பொட்டுவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருப்பதால் அந்தப் பெயர்.

“என்ன அண்ணே, ஆட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஆட்டுக்கு ஆகிற செலவுதானே ஆகும்?”

நானும் வாங்குவதற்கு முன் அப்படித்தான் நினைத்தேன். குதிரை சிறுத்தால் தீனி சிறுக்கும், அது சரி. ஆனால் குளம்பு நாலுதான், பெரிய குதிரைக்கும் நாலுதான். பல்லும் அதே எண்ணிக்கை. டொக்டர் வரவேண்டிய தூரமும் அதேதான். ஆயுள் மட்டும் பெரிய குதிரையைவிடக் கூட. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 முதல் 30 வருடம், சிலது அதற்கும் மேலே. மகள் முதலாம் தரத்தில் இருக்கும்போது வாங்கினால், அவள் தன் பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும் நாளிலும் அது கொட்டகையில் நின்று கனைக்கும். அதனால்தான் வருகிறவர்களிடம் வாயால் சொல்வதை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வாங்கப் போவது குட்டையா, குட்டியா?

நாம் பேச்சில் எல்லாவற்றையும் போனி என்றே சொல்லிவிடுகிறோம். மட்டக்குதிரை என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. தோள் உயரம் சுமார் 148 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் மட்டக்குதிரை. மினியேச்சர் என்பது அதிலும் குட்டை. அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் எல்லை 34 அங்குலம். பிடரி மயிர் முடியும் இடத்திலிருந்து தரை வரை அளக்கிறார்கள். இரண்டு முழத்துக்கு இரண்டு அங்குலம் குறைவு. இன்னொரு சங்கம் 38 அங்குலம் வரை ஒத்துக்கொள்கிறது. ஷெட்லாண்ட் மட்டக்குதிரை 42 அங்குலம் வரை போகும். சவாரிக்கு நிற்பவை பெரும்பாலும் இவற்றைவிட உயரமானவை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், “மினி” என்று சொல்லிச் சாதாரண மட்டக்குதிரையின் குட்டியைக் காட்டுபவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் அழகாக இருந்தது மூன்று வயதில் உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கும். அளவு நாடாவைக் கையில் எடுத்துப் போங்கள். அப்புறம் வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். பால்பல் சின்னதாக, வெள்ளையாக இருக்கும். நிலைப்பல் அகலமாக, கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். வாய் நிறைய நிலைப்பல் இருந்தால் அது இனி வளராது. புதிதாக வளர்ப்பவருக்கு அப்படி வளர்ந்து முடிந்த, சாதுவான, காயடித்த ஆண் குதிரைதான் என் சிபாரிசு. காயடிக்காத ஆண், உருவம் சிறிதானாலும், ஆண் குதிரைதான். கடிக்கும், உதைக்கும். பெட்டை வாங்கிக் குட்டி போட வைத்து விற்கலாம் என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். சினைக்காலம் 11 மாதம். இந்தச் சின்ன உடம்பில் பிரசவம் சிக்கலாவது பெரிய குதிரைகளைவிட அதிகம். இரவு 2 மணிக்குக் குட்டி பாதியில் மாட்டிக்கொண்டால் கூப்பிட ஆள் இல்லாத இடத்தில் நாம் இருக்கிறோம்.

குட்டையாக்குவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததால் வந்த குறைகளும் உண்டு. தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக, கால் வளைந்து, கீழ்த்தாடை முன்னே தள்ளியிருந்தால் அழகாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். மூட்டு வலியும் பல் தொல்லையும் ஆயுள் முழுக்க வரும். மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்கி நடக்க வைத்துப் பாருங்கள். சமதரையில் மறைவது இறக்கத்தில் தெரிந்துவிடும்.

“நெடுந்தீவில் குதிரை சும்மா திரிகிறதாமே, பிடித்து வரலாமா?” என்றும் கேட்கிறார்கள். முடியாது. அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை, பாதுகாக்கப்பட்டவை. தீவை விட்டு வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இறக்குவதென்றால் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி, தனிமைப்படுத்தல் என்று அது தனிக் கதை.

இடமும் அனுமதியும்

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைப் பார்க்க வேண்டும். வீடு நம்முடையது என்றாலும் சுற்றியுள்ள காணி தோட்டத்துடையது. மாட்டுக் கொட்டகைக்கு வாய்வார்த்தையில் கிடைக்கிற சம்மதம் குதிரைக்குக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். நகர எல்லைக்குள் இருந்தால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேய்ச்சலுக்கு ஒரு குட்டைக் குதிரைக்குக் குறைந்தது அரை ஏக்கர் என்பார்கள். அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச். நம்மில் பலருக்குக் கிடைத்திருப்பது 7 பேர்ச். அதில் வீட்டையும் கட்டி, மரக்கறிப் பாத்தியும் போட்ட பிறகு மேய விட ஒன்றும் மிஞ்சாது. அப்படியானால் குதிரையைக் கொட்டகையில் வைத்துப் புல் அறுத்துப் போட வேண்டும், தினமும் நடக்க வைக்க வேண்டும். செய்யலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அந்த நேரம் உங்கள் உடம்பிலிருந்து போவது.

கொட்டகை குறைந்தது 8க்கு 8 அடி. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பரா 10க்கு 12 என்பது நமக்கெல்லாம் தெரியும், அதில் ஒரு குடும்பமே இருந்தது. குதிரைக்கு இடம் அளந்தபோது எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வந்து கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. லயமா, லாயமா என்று நம்மைக் கேலி பேசிய காலமும் உண்டே. சரி, அது இருக்கட்டும்.

நம்முடைய மழைக்கு முக்கியம் கூரையைவிடத் தரை. மே தொடங்கினால் தென்மேல் மழை, அது ஓய்ந்தால் ஐப்பசி மழை. ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும். கருங்கல் சல்லி போட்டு, ஒரு பக்கம் சரிவு வைத்து, மேலே மரத்தூளை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். மேட்டுப் பக்கம் தண்ணீர் வடியக் காண் வெட்டாவிட்டால் மலைத்தண்ணீர் நேரே உள்ளே வரும். அரைக்கதவை மாட்டுக் கொட்டகை உயரத்துக்கு வைக்காதீர்கள். குட்டைக் குதிரைக்கு வெளியே ஒன்றும் தெரியாது, கதவை உதைத்தே நாளைக் கழிக்கும். நான் முதல் கதவை அறுத்து இரண்டரை அடியாக்கினேன். உதைப்பது அன்றோடு நின்றது.

வேலிக்கு முள்ளுக்கம்பி வேண்டவே வேண்டாம். பெரிய குதிரை வேலிக்கு மேலே பாயப் பார்க்கும், இது கீழே நுழையப் பார்க்கும். கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் ஓர் அடிக்கு மேல் இடைவெளி இருந்தால் தலையை விட்டுப் பார்க்கும், பிறகு உடம்பையும் விடும். மாட்டைப்போல நீளக் கயிற்றில் முளையடித்துக் கட்டுவதும் சரிவில் ஆபத்து. காலில் சுற்றிக்கொண்டு பயந்து இழுத்தால் கயிறு தோலை அறுத்துவிடும்.

இரவில் நாலு பக்கமும் மூடியிருக்க வேண்டும். தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாடுவது நமக்குப் புதிதல்ல. லயத்து நாய்கள் காணாமல் போவது எதனால் என்று எல்லோருக்கும் தெரியும். பகலில் பயப்பட வேண்டியது தெரு நாய்களுக்கு. நாலைந்து சேர்ந்தால் இந்த உயரத்துக் குதிரையைத் துரத்திக் கடித்துவிடும்.

இன்னொன்று, குதிரை தனியாக இருக்கிற பிராணி இல்லை. இரண்டு குதிரை வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஓர் ஆடாவது துணைக்கு வேண்டும். பொட்டுவுக்கு ஒரு வெள்ளாடு இருக்கிறது. ஆட்டை டொக்டரிடம் கொண்டு போன அன்று பொட்டு மாலை வரை புல்லைத் தொடவில்லை.

தீனி: குறைவாக, ஆனால் நிறுத்தாமல்

இங்கேதான் நம் ஆட்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள், நான் உட்பட. மாட்டுக்கு நிறையப் போட்டால் பால் வரும். குட்டைக் குதிரைக்கு நிறையப் போட்டால் கால் போகும்.

முதலில் எடை. நெஞ்சுச் சுற்றளவை முன்னங்காலுக்குப் பின்னால் சென்ரிமீற்றரில் அளங்கள். தோள் முனையிலிருந்து பின் புட்டத்து முனை வரை நீளம் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை. பொட்டுவுக்குச் சுற்றளவு 102, நீளம் 100. கிட்டத்தட்ட 88 கிலோ வருகிறது. இந்தச் சூத்திரம் பெரிய குதிரைக்கு வந்தது, குட்டைக்குச் சற்று முன்பின்னாகும். ஆனால் மாதம் ஒரு முறை அதே ஆள், அதே நாடாவால் அளந்து சுவரில் எழுதி வைத்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

ஒரு நாளைக்கு வேண்டியது உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதுவும் உலர்ந்த கணக்கில். 90 கிலோ குதிரைக்கு ஒன்றரைப் பங்கு என்றால் சுமார் 1.35 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதால் அது ஆறரை, ஏழு கிலோ புல் ஆகும். பால் மாட்டுக்கு 40 கிலோ அறுத்துப் பழகிய கைக்கு இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் கை தாராளமாகிவிடுகிறது. இந்த ஏழு கிலோவை நாலைந்து வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். குதிரை வயிறு சிறியது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மெல்லுவதற்கென்று அமைந்தது. அறுத்த புல்லை மூட்டையில் குவித்து வைத்தால் சூடேறும். சூடேறிய புல்லைப் போட்டால் வயிற்று வலி வரும்.

புல்லிலும் விஷயம் இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் தரையோடு படரும் கிக்குயு, மாட்டுக்காரர்கள் நடும் சீ.ஓ.3, நேப்பியர் எல்லாவற்றிலும் ஒக்சலேட் அதிகம். அது புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குதிரைக்குச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதோடு தவிட்டையும் போட்டால் இன்னும் மோசம், தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம். வருடக்கணக்கில் இப்படியே போனால் எலும்பு இளகி முகம் வீங்கும். ஆகவே புல்லைக் கலந்து போடுங்கள், தவிட்டை விடுங்கள், குதிரைக்கேற்ற தாது உப்பை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். சாதாரண உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி. வெலிமடைப் பக்கத்து வைக்கோல் கொஞ்சம் சேர்க்கலாம், மெல்ல வேலை கொடுக்கும். அதையே முழுத் தீனியாக்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை எரு மேட்டில் போடுங்கள்.

கோழித் தீவனத்தைப் பற்றி இரண்டு தடவை படியுங்கள். கோழித் தீவனத்தில் கலக்கிற சில மருந்துகள், மொனென்சின் போன்றவை, கோழிக்கு நல்லது, குதிரைக்குக் கொல்லி. இதயத்தைத் தாக்கும். மாட்டுத் தீவனம் சிலவற்றிலும் அது உண்டு. இரண்டும் ஒரே அறையில் இருந்தால் பூட்டு வேண்டும். குதிரை வாளி தனி, கோழி வாளி தனி.

மரக்கறித் தோட்டத்துக்கு நடுவில் வளர்ப்பதால் இன்னொரு தொல்லை. அன்பாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கரட் ஒன்றிரண்டு, நீளவாக்கில் வெட்டி, சரி. வட்டமாக வெட்டினால் தொண்டையில் சிக்கும். கோவா இலை வாயு கட்டும். லீக்ஸ், வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும். உருளைக்கிழங்குச் செடியும் பச்சையான கிழங்கும் நஞ்சு. அவகாடோ இலையும் ஆகாது. வேலியோரத்து அலரி, ஊமத்தை, நாயுண்ணி, பெரணி எல்லாவற்றையும் குதிரை வருவதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். தேயிலை மலையில் புல் அறுப்பதானால், எந்த நம்பர் மலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்காமல் கத்தியை வைக்காதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். வாங்கிய முதல் தை மாதம். இரவில் பனி கொட்டியது, காலையில் நல்ல வெயில். அப்படிப்பட்ட நாட்களில் புல்லில் சர்க்கரை தேங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பாவம், குளிரில் கிடந்ததே என்று காலை முதல் மாலை வரை மேய விட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வேறு பீட்ரூட் கொண்டுவந்து ஊட்டினார். நாலாம் நாள் என் மனைவிதான் பார்த்தார்.

“ஏங்க, பொட்டு ஏன் நாற்காலியில உட்காரப் போற மாதிரி நிக்குது?”

முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றிருந்தது. குளம்பில் கை வைத்தேன், கேத்தல் மாதிரிச் சூடு. குளம்புக்கு மேலே நாடி கையில் துள்ளியது. லெமினைட்டிஸ், குளம்புக்குள்ளே ஏற்படுகிற அழற்சி. முற்றினால் உள்ளே இருக்கிற எலும்பே பிடிப்பு விட்டுக் கீழே இறங்கிவிடும். மிருக வைத்தியர் வரும்வரை வாளியில் ஐஸ்போன்ற பீலித் தண்ணீரை நிரப்பி அதில் காலை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். பச்சைப் புல் நிறுத்தம். காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் ஊறவைத்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட்டோம். மரத்தூளை முழங்கால் அளவுக்குக் குவித்தோம். ஒழுங்காக நடக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதச் செலவில் இன்னொரு குதிரை வாங்கியிருக்கலாம்.

கொழுத்துவிட்டது, இரண்டு நாள் பட்டினி போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். குட்டைக் குதிரை சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கி ஈரலை அடைக்கும். செத்தும் போகும். கொடுத்தாலும் கஷ்டம், கொடுக்காவிட்டாலும் கஷ்டம். அதனால் விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள்: கை வைத்தால் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. குளிர் மாதங்களில் மயிர் கரடிபோல வளர்வதால் கண் ஏமாற்றும், கைதான் சரி.

குளம்பு

தினமும் ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை, நாலு காலையும் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கென்று ஒரு கொக்கி விற்கிறார்கள். என்னுடையது ஊரில் அடித்துக் கொடுத்தது. தோளோடு தோள் சேர்த்து நின்று, வாலைப் பார்த்துத் திரும்பி, கையைக் காலில் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனால் பழகிய குதிரை தானே காலைத் தரும். உயரம் குறைவு என்பதால் குனிந்து குனிந்து உங்கள் இடுப்புத்தான் போகும். நான் சின்ன முக்காலியில் உட்கார்ந்து செய்கிறேன். உட்காருகிறவர் எழுந்து விலகத் தயாராக இருக்க வேண்டும்.

குதிகால் பக்கமிருந்து முனைப் பக்கமாகக் கிளற வேண்டும். முதலில் மண்ணும் சாணமும் ஒரே கட்டியாகப் பெயர்ந்து வரும். கீழே, நடுவில், முக்கோண வடிவில் ரப்பர்போல ஒரு பகுதி இருக்கும். அதன் இரண்டு பக்கப் பள்ளத்தில் கறுப்பாக, ஈரமாக ஏதாவது வந்து, அழுகிய மீன் தண்ணீர் மாதிரி நாறினால் அழுகல் தொடங்கிவிட்டது. ஒரு முறை முகர்ந்தால் மறக்காது. மழை மாதங்களில் எங்கள் ஊரில் இதுதான் தினசரிச் சண்டை. காய்ந்த இடத்தில் நிறுத்துவதுதான் பாதி மருந்து, மீதியை வைத்தியர் சொல்வார்.

லாடம் இதற்குத் தேவையில்லை, ஆனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பை வெட்டிச் சீர் செய்ய வேண்டும். வருடத்துக்கு ஏழு முறை, 30 வருடத்துக்கு 200க்கு மேல். நுவரெலியாவில் ரேஸ் கோர்ஸும் சவாரிக் குதிரைகளும் இருப்பதால் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். குதிரை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பழக்கம் பிடியுங்கள். ஹட்டன், பதுளைப் பக்கமென்றால் அவருடைய போக்குவரத்துச் செலவும் உங்கள் தலையில். நீங்களே மாட்டுக் குளம்பு வெட்டுகிற கத்தியை எடுத்து முயற்சி செய்யாதீர்கள்.

வைத்தியம்

குதிரை வாங்குவதற்கு முன்பே உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரைப் பார்த்து, குதிரை பார்ப்பீர்களா என்று நேரில் கேளுங்கள். அவர்களுடைய நாள் பெரும்பாலும் மாடுகளோடு போகிறது. பெரிய சிக்கல் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீட ஆஸ்பத்திரி இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து 70 கிலோமீற்றர் அளவு, றம்பொடை வளைவுகளோடு. குட்டைக் குதிரையில் உள்ள ஒரே வசதி, சின்னப் பட்டா லொறியில் ஏற்றிவிடலாம். யாருடைய லொறி, நடு இரவில் கூப்பிட்டால் வருவாரா என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

வருடா வருடம் வேண்டியவை: ஏற்பு ஊசி, பல் பார்ப்பது, சாணியைச் சோதித்துப் பூச்சி மருந்து. சின்னத் தாடையில் பெரிய குதிரைக்குள்ள அத்தனை பல்லும் நெருக்கிக்கொண்டு நிற்பதால் கோணலாகத் தேயும். மென்ற புல்லை உருண்டையாக்கிக் கீழே துப்பினால் பல்லில்தான் கோளாறு. பூச்சி மருந்துக் குழாய் ஒன்று பெரும்பாலும் 500, 600 கிலோ குதிரைக்கானது. உங்கள் குதிரைக்கு அதில் ஆறில் ஒரு பங்கு. முழுக் குழாயையும் அழுத்தினால் அவ்வளவுதான். விசர் நாய் கடித்ததாகச் சந்தேகம் வந்தால் குதிரையின் வாய்க்குள் கை விடாதீர்கள். உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள், உங்களுக்கும் ஊசி வேண்டிவரும்.

நல்ல நாளில் அளந்து எழுதி வைக்க வேண்டியவை: உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை வரை, ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 40 அளவில், மூச்சு 8 முதல் 16. படுத்துப் புரள்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, சாணி போடவில்லை என்றால் வயிற்று வலி. உடனே போன் எடுங்கள். மாட்டுக்குச் செய்வதுபோல மூங்கில் குழாயில் கசாயமோ எண்ணெயோ புகட்டாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, புகட்டியது நுரையீரலுக்குள் இறங்கினால் வயிற்று வலியில் பிழைத்தது அதில் போகும்.

கணக்குப் புத்தகம்

எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு ஆகும் என்று. ரூபாயில் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகும். 2022இல் தீவன விலை ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அளவைச் சொல்கிறேன், அன்றைய விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். பச்சைப் புல் வருடத்துக்கு சுமார் 2,400 கிலோ. அறுக்க ஆள் வைத்தால் மாதத்துக்கு எத்தனை பேர் சம்பளம் என்று கணக்கிடுங்கள். மரத்தூள் வாரத்துக்கு ஒரு மூட்டை, மழையில் இரண்டு. குளம்பு ஏழு தடவை. வைத்தியர் வழக்கமான வருகை இரண்டு. தாது உப்பு, தலைக்கயிறு, தூரிகை. இதற்கெல்லாம் மேலே, தொட முடியாத ஒரு தொகை: ஒரு தடவை பேராதனைக்கு லொறியில் போய்வந்து ஒரு வாரம் மருந்து வாங்குகிற அளவுக்கு, வங்கியில் தனியாக. இந்தத் தொகை கையில் இல்லாதவரை குதிரை வாங்கும் பணமும் கையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வரவு என்றால் ஒன்றே ஒன்று, எரு. நாளைக்கு நாலைந்து கிலோ, வருடத்துக்கு ஒன்றரைத் தொன். நன்றாக மக்க வைத்தால் மரக்கறிக்காரர்கள் வாசலுக்கே வந்து வாங்குவார்கள்.

சீசனில் பிள்ளைகளை ஏற்றிச் சம்பாதிக்கலாமே என்றால், முடியாது. குதிரை சுமக்கக்கூடியது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 90 கிலோ குதிரைக்கு 18 கிலோ, சேணத்தையும் சேர்த்து. நாலு வயதுப் பிள்ளைக்கே அது சரியாக இருக்கும். நாள் முழுக்க வரிசையில் நின்று ஏறுகிற பிள்ளைகளுக்கு அது சரிவராது. அதற்கு மேல் ஏற்றினால் முதுகு போகும். மிருகவதைக்கு 1907ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. பழக்கினால் சமதரையில் சின்ன வண்டி இழுக்கும். நம் ஊரில் சமதரையை எங்கே தேடுவது?

நீங்கள் இல்லாத நாட்கள்

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வரும்போது குதிரையும் சாப்பிட வேண்டும். மாரியம்மன் திருவிழாவில் வெடி போடுகிற இரவில் கொட்டகையில் ஒருவர் நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு நாலு நாள் யாழ்ப்பாணம் போவதென்றால், குளம்பு தூக்கத் தெரிந்த இன்னொருவர் ஊரில் வேண்டும். புல் போடத் தெரிந்தவர் மட்டும் போதாது. எங்களுக்கு மச்சான் மகன் இருக்கிறான். உயர்தரம் முடித்துவிட்டு வெளியூருக்குப் போகப் போகிறான், அடுத்து யார் என்று இன்னும் முடிவாகவில்லை.

மண்சரிவு எச்சரிக்கையையும் யோசியுங்கள். இரவில் எல்லோரும் பாடசாலைக்குப் போங்கள் என்பார்கள். வகுப்பறைக்குள் குதிரை வராது. ஒரு மழைக்காலத்தில் நாங்கள் பொட்டுவையும் ஆட்டையும் ஒரே கயிற்றில் நடத்திக் கோயில் மடத்துக்குக் கொண்டுபோய்த் தர்மகர்த்தா காலில் விழாத குறையாகக் கேட்டோம். இப்போது மழை தொடங்கும் முன்பே மேட்டு வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்துவிடுகிறேன். முதுமையும் வரும், ஒரு நாள் போகவும் போகும். 90 கிலோ உடம்பைப் புதைக்க ஆழமான குழியும், ஊற்றுத் தண்ணீருக்குத் தள்ளிய இடமும் வேண்டும். 7 பேர்ச்சில் அதற்கு இடம் எது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

அந்த ஆட்டுக் கணக்குச் சொன்னவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டேன். சித்திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஐப்பசியில் ஒரு வாரம் வாருங்கள். காலை ஐந்தரைக்கு, மழை பெய்தாலும். கொட்டகையைக் கூட்ட வேண்டும், நாலு குளம்பு பார்க்க வேண்டும், புல் நிறுத்துப் போட வேண்டும், பிறகு உங்கள் வேலைக்குப் போகலாம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். யோசித்துவிட்டு, “கம்பூட்ஸ் வேணுமா அண்ணே?” என்று கேட்டார். வேண்டும். என்னிடம் எட்டாம் நம்பரில் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கிறது.